நாற்பத்தெட்டு நாள் மூடி

நான் வேலை பார்த்த காலத்தில் எல்லாக் கிளினிக் கவுண்டரிலும் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். உங்கள் காலத்தில் அது கம்ப்யூட்டரில் ஒரு கட்டமாக மாறியிருக்கும், தட்டினால் போதும். 'நோயாளி திரும்ப வரவில்லை' என்ற முத்திரை. பல் பிடுங்கியும் அடைத்தும் ஓய்ந்துபோன எனக்கு, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நினைத்தால் ரத்தம் கொதிப்பது அந்த முத்திரையைத்தான். போன மாதம் இளம் பல் டாக்டர்களான உங்கள் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். வேரை அடைக்க எந்தச் சிமெண்ட் நல்லது, எது கிருமி கசியாமல் காக்கும் என்று மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். நோயாளியின் கார்டில் என்ன எழுதுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்காமல், நேரமாகிவிட்டது என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். மழுப்பியதற்குக் காரணம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலாக்கா டவுனில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் வேலை பார்த்தேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அதுதான் பேனல் கிளினிக், செலவை நிர்வாகம் கட்டும். தொழிலாளி ஆபீசில் கடிதம் வாங்கி வருவார், நாங்கள் வைத்தியம் பார்ப்போம், கடிதத்தில் என்ன அனுமதி உண்டோ அதுவரைக்கும்தான். கிளினிக்கை நடத்தியவரைப் பெரிய டாக்டர் என்போம். நல்ல கை, அதை மறுக்க முடியாது. அவரும் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒற்றை விளக்கில் படித்து மேலே வந்தவர். 'எஸ்டேட் வாய்' என்ற இளக்காரச் சொல்லை நான் அதிகம் கேட்டது அப்படிப்பட்ட ஒருவர் வாயிலிருந்துதான். அதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

கோவிந்தன் அண்ணன் சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். பகலில் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. காலையும் மாலையும் தோட்டத்துக் கோயிலில் நாயனம் வாசிப்பார். மேல்வரிசை முன்பல் ஒன்று உள்ளே அழுகி, வேர் நுனியில் சீழ் வைத்திருந்தது. பிடுங்கிவிடலாமா என்று நான் கேட்டதும் மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முன்பல் போனால் உதட்டுக்குப் பின்னால் தாங்கல் இருக்காது, ஊதுகிற சீவாளி நிற்காது, காற்று ஒரு பக்கமாக ஓடிவிடும் என்று விளக்கினார். அவருக்கு அது பல் மட்டுமில்லை, வாத்தியத்தின் ஒரு பாகம். ஆகவே வேரைச் சுத்தம் பண்ணி, சீழ் வற்றும்வரை மருந்து வைத்து, பிறகு வேர் முழுவதையும் பசை போட்டு அடைத்தேன். மேலே தற்காலிக மூடி வைத்தேன்.

தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வேரை அடைத்ததோடு வேலை முடியவில்லை. மேலே கெட்டியான நிரந்தர அடைப்பு போட வேண்டும். தற்காலிக மூடி என்பது பெயருக்கேற்ற மூடிதான், மூன்று வாரம் தாங்கினால் பெரிது. எங்கள் கிளினிக் வழக்கப்படி கெட்டி அடைப்புக்கு இரண்டு வாரம் கழித்து வேறொரு நாள் கொடுப்போம். அன்றைக்கே போட்டிருக்கலாம், இன்னும் கால்மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னதும் அவர் தயங்கினார். "நாளான்னிக்குக் கும்பாபிஷேகம் டாக்டர். அப்புறம் நாப்பத்தெட்டு நாளு மண்டலாபிஷேகம். எனக்கும் பூசாரிக்கும் காப்புக் கட்டிருவாங்க. கட்டிட்டா தோட்டத்து எல்லைய தாண்டக்கூடாது லா. வாயில ரத்தம் கித்தம் வந்தாலும் தீட்டு."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அப்படியே உட்காருங்கள் அண்ணே என்று சொல்லி அந்தக் கால்மணி நேரத்தைச் செலவழித்திருக்க வேண்டும். வேறு இனத்து டாக்டராக இருந்திருந்தால் காப்பாவது மண்ணாவது என்று அதட்டியாவது வரவழைத்திருப்பார். நானோ அம்மனுக்கு மாவிளக்குப் போடும் வீட்டில் பிறந்தவள். காப்புக் கட்டியவரை எல்லை தாண்டி வா என்று சொல்ல வாய் வரவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டு, பெரிய மனுஷியாட்டம், "முடிச்சிட்டு வாங்கண்ணே, மூடி தாங்கும்" என்றேன். அவர் கைகூப்பிவிட்டுப் போனார்.

கார்டில் நான் இதை எழுதவில்லை. கவுண்டரில் இருந்த பெண் வழக்கம்போல இரண்டு வாரத் தேதியைப் போட்டாள். அந்தத் தேதியில் அவர் வரவில்லை. முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்த கார்டுகளை வாரக் கடைசியில் கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள், டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். கோவிந்தன் என்ற பெயரைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

மண்டலாபிஷேகம் முடிந்து இரண்டாம் நாள் அவர் வந்தார். மேலுதடு வீங்கி மூக்குவரை ஏறியிருந்தது. பல நாளாக வலி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வாசித்திருக்கிறார். கடைசி வாரத்தில் சீழ் வாடை அடிக்கத் தொடங்கியது. கோயில் கமிட்டியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். சாமி முன்னால் சீழ் வாயோடு வாசிக்கக்கூடாது, விரதத்தில் எங்கேயோ குறை வைத்திருக்கிறாய் என்று நிறுத்திவிட்டார்கள். நிறைவு நாளில் டவுனிலிருந்து வேறொருவரைக் கூட்டிவந்து வாசிக்க வைத்தார்கள். இவர் காப்போடு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"எங்கயோ கொறஞ்சிருக்கு டாக்டர்" என்றார். "ஆலை கேன்டீன்ல ஒருநாளு டீ குடிச்சேன். அந்த கிளாஸ்ல என்னத்த ஊத்தி வச்சிருந்தானுங்களோ. அதான்னு நெனைக்கிறேன்."

மூடி தாங்கும் என்று சொன்னது நான். அவர் டீ கிளாசைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊசி மருந்தை எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். கார்டை எடுத்தார், முத்திரையைப் பார்த்தார், வேறு எதையும் பார்க்கவில்லை. கோவிந்தன் அண்ணன் காதில் விழும்படியே ஆரம்பித்தார். "எஸ்டேட் வாய் அப்படித்தான் லா. வரச் சொன்னா வரமாட்டானுங்க, வெத்தலைய போட்டு ஊற வச்சிட்டு கடைசில வந்து நிப்பானுங்க. பிடுங்கி அனுப்பு."

கோவிந்தன் அண்ணனுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. என் கார்டிலேயே அது இருந்தது. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. பேனல் விதிப்படி, வைத்தியம் கெட்டதற்கு நோயாளிதான் காரணம் என்று கார்டில் இருந்தால் இரண்டாம் முறை வேர் வைத்தியத்துக்கு ஆலை ஆபீஸ் கடிதம் தராது. பிடுங்குவதற்கு மட்டும் தரும். அவர் பல்லின் கதியைத் தீர்மானிக்கப்போவது என் இடுக்கி இல்லை, அந்த முத்திரை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று நினைக்கிறீர்கள்? பசையின்மேல். அந்த வருஷத் தொடக்கத்தில் பெரிய டாக்டர் ஒரு விற்பனையாளர் பேச்சைக் கேட்டு, நாங்கள் பல காலமாகப் பயன்படுத்திய கிராம்புத் தைலப் பசையை நிறுத்திவிட்டுப் புதுப் பசை ஒன்றைப் பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தார். அன்றிலிருந்தே எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. இந்தப் பசைதான் கசிந்திருக்கிறது என்று சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அவரும் விடவில்லை, நிரூபித்துக் காட்டு, காட்டினால் கார்டை மாற்றுகிறேன் என்றார். அதுவரை பல்லைப் பிடுங்கச் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்காத குறையாகச் சம்மதம் வாங்கினேன். கோவிந்தன் அண்ணனுக்குப் பல்லைத் திறந்து சீழை வடித்து, மருந்து வைத்து அனுப்பினேன். வாரம் ஒருமுறை வந்து மருந்தையும் மூடியையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றேன். ஒரு வாரம்கூடத் தவறாமல், பஸ் பிடித்து வந்தார். வரச் சொன்னால் வராத எஸ்டேட் வாய் அது.

புக்கிட் பெருவாங்கில் லெட்சுமி என்று எனக்கு ஒரு தோழி. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கிருமிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்றேன். அவள் முதலாளியிடம் கேட்டு, கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியில் ஒரு தட்டை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தாள். சோதனை என்னவோ எளிதுதான். பிடுங்கிய பல்லின் வேரை அடைத்து, ஒரு சின்ன பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டுச் செருக வேண்டும். பல்லின் தலைப்பக்கம் கிருமி, வேர் நுனி கீழே தெளிந்த திரவத்தில். கிருமி வேர் வழியாகக் கசிந்து இறங்கினால் கீழே திரவம் கலங்கும். இறங்காவிட்டால் தெளிவாகவே இருக்கும். குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

பல்லுக்குப் பஞ்சமில்லை. கிளினிக் பின்னறையில் பிடுங்கிய பற்களை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருப்போம். ஒற்றை வேர் முன்பற்களாகப் பொறுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகக் கழுவி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நேரான வேர், விரிசல் இல்லை, நுனி முழுசாக இருக்கிறது. பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள். கடிதத்தில் அனுமதி இல்லை, நேரமில்லை, எஸ்டேட் வாய் என்று பிடுங்கிப் போட்டவை. பிடுங்கியவர்களில் நானும் உண்டு. சோதனைக்கு இவ்வளவு நல்ல வேர்கள் எளிதில் கிடைக்காது என்று லெட்சுமி வேறு மெச்சினாள்.

பாதிப் பற்களில் பழைய பசை, பாதியில் புதுப் பசை. இரண்டிலும் சிலவற்றுக்கு மேலே மூடியே இல்லை, சிலவற்றுக்குக் கோவிந்தன் அண்ணனுக்கு வைத்த அதே தற்காலிக மூடி, சிலவற்றுக்குக் கெட்டி அடைப்பு. ஒன்றை அடைக்காமல் அப்படியே விட்டோம், ஒன்றை முழுக்க நகப்பாலிஷ் பூசி மூடினோம். சோதனையே சரிதானா என்று பார்க்க அவை இரண்டும் வேண்டும் என்றாள் லெட்சுமி. தினமும் வேலை முடிந்து அவள் இடத்துக்குப் போய்ப் பாட்டில்களைப் பார்ப்பது எனக்குப் பூஜை மாதிரி ஆகிவிட்டது.

அடைக்காதது மறுநாளே கலங்கியது. பாலிஷ் பூசியது கடைசிவரை தெளிவாகவே இருந்தது. மூடி இல்லாதவை ஒவ்வொன்றாகக் கலங்கத் தொடங்கின. அதில் புதுப் பசை போட்டவை சில நாள் முந்திக்கொண்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, பசைதான், நான் சொன்னேனே என்று குதித்தேன். இதை மட்டும் எழுதிக்கொண்டு போய் நாளைக்கே அவர் முகத்தில் வீசுகிறேன் என்றேன்.

லெட்சுமி அமைதியாகச் சொன்னாள். "மத்த பாட்டில் எல்லாம் இன்னும் நிக்குது லா. ஒன் வசதிக்கு அது கலங்காது. இரு."

இருந்தேன். மூன்று வாரம்வரை தற்காலிக மூடி போட்டவை எல்லாம் தெளிவாக இருந்தன. அதன் பிறகு ஒன்று கலங்கியது, அப்புறம் இன்னொன்று. பழைய பசை, புதுப் பசை என்று அவை பேதம் பார்க்கவில்லை. நான் உயர்த்திப் பிடித்த கிராம்புப் பசைப் பாட்டிலும் வரிசையில் நின்று கலங்கியது. நாற்பத்தெட்டாம் நாள் வருவதற்குள் அந்த வரிசையில் தெளிவாக ஒன்றும் மிஞ்சவில்லை. கெட்டி அடைப்புப் போட்டவை, எந்தப் பசையானாலும், ஒன்றைத் தவிர எல்லாம் தெளிவாக நின்றன. அந்த ஒன்றின் வேரில் நான் கவனிக்காத ஒரு கீறல் இருந்தது.

பாட்டில் வேறு, வாய் வேறு, அது எனக்கும் தெரியும். ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சுக்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை. பெரிய டாக்டரின் பசையைக் கூண்டில் ஏற்ற ஆசைப்பட்டு ஆரம்பித்த சோதனையில் கூண்டில் நின்றது என் மூடி. என் வாயிலிருந்து வந்த இரண்டு சொல். அது மூன்று வாரம்தான் தாங்கும் என்று படித்துப் பாஸ் பண்ணியவள்தான் நான். சோதனை எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, தெரிந்ததைத்தான் திருப்பிச் சொன்னது.

மறுநாள் எல்லாப் பாட்டில் விவரத்தையும் எழுதி, புதுப் பசை சற்று முந்தியதையும் விடாமல் எழுதி, பெரிய டாக்டர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். அப்போ பசைமேல் தப்பில்லை, வரச் சொன்ன நாளில் வந்திருந்தால் பல் தப்பியிருக்கும், கார்டில் இருப்பது சரிதான் என்றார். வரச் சொன்ன நாள் நாற்பத்தெட்டு நாள் கழித்துத்தான், சொன்னது நான்தான் என்றேன். கார்டில் அப்படி இல்லையே என்றார். எழுதுகிறேன் என்றேன்.

அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது. "நீ எழுதினா ஆலை ஆபீசுக்குப் போகும். அங்கேருந்து மத்த தோட்டத்துக்கும் போகும். ஒரு நாயனக்காரன் பல்லுக்காகக் கிளினிக் பேரைக் கெடுக்கப் போறியா?"

அந்த வேலை எனக்கு வேண்டும். புக்கிட் காத்திலில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தோம். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கோவிந்தன் அண்ணனே டீ கிளாஸ்மேல் பழியைப் போட்டுக்கொண்டு பேசாமல் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார். அதை நினைத்ததும்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பசைமேல் வந்ததெல்லாம் கோபமே இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஒரு மனுஷன் வீங்கின முகத்தோடு கோயில் ஓரத்தில் நின்றதை எதில் மறைப்பது? பெரிய டாக்டர் எதிரிலேயே கார்டை இழுத்து, முத்திரையைக் குறுக்கே அடித்துவிட்டு எழுதினேன். நோயாளியை நாற்பத்தெட்டு நாள் கழித்து வரச் சொன்னது நான். தற்காலிக மூடி அவ்வளவு நாள் தாங்காது என்று தெரிந்தும் சொன்னேன். சொன்ன நாளில் அவர் வந்தார். தவறு என்னுடையது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஆலை ஆபீஸ் கடிதம் கொடுத்தது. வேரை மறுபடி சுத்தம் பண்ணி அடைத்து, அன்றைக்கே, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருக்க, கெட்டி அடைப்பையும் போட்டு முடித்தேன். பெரிய டாக்டர் அதற்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருஷக் கடைசியில் நானே விலகிக்கொண்டேன். அது வேறு கதை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அடைப்புப் போட்ட அன்றுதான் கோவிந்தன் அண்ணனிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதிய கார்டை அவர் கையில் கொடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மன்னிச்சிடுங்கண்ணே என்றும் சொன்னேன். அவர் பரவாயில்லை டாக்டர் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குள்ளும் ஒரு நினைப்பு. அவர் சொல்லவில்லை.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமே டாக்டர்" என்றார். "ரெண்டு மாசமா என்னா தப்பு பண்ணேன்னு தேடிக்கிட்டு இருக்கேன். பொண்டாட்டிய கேட்டேன், நீ தீட்டோட சமைச்சியான்னு. அவள அழ வச்சேன்."

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதையே தமிழில் தனிக் காகிதத்தில் எழுதி, கிளினிக் முத்திரை வைத்துத் தரச் சொன்னார். எழுதினேன். பல்லில் சீழ் வைத்ததற்கு விரதக் குறைவு காரணமில்லை, டாக்டரின் தவறுதான் காரணம் என்று என் கையால் எழுதினேன். கவுண்டரிலிருந்த முத்திரையை வாங்கி அதன்மேல் குத்தினேன். கிளினிக் பெயர் உள்ள நல்ல முத்திரையைத்தான். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கைகூப்பவில்லை.

அந்தக் காகிதத்தைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தாராம். ஒருமுறை படித்ததும், பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்று இன்னொருமுறை படிக்கச் சொன்னார்களாம். அவர் மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தாளாம். அடுத்த திருவிழாவுக்கு அவருக்குத்தான் காப்புக் கட்டினார்கள் என்று அதே தோட்டத்திலிருந்து வந்த வேறொரு நோயாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோவிந்தன் அண்ணன் எந்த வைத்தியத்துக்கும் என்னிடம் திரும்ப வரவில்லை.

இன்று உங்களிடம் இருக்கும் சிமெண்டுகள் எங்கள் காலத்தில் கனவிலும் இல்லாதவை. வேர் நுனியில் ஈரத்திலும் இறுகுகின்றன, நல்லது. எது கசியும், எது கசியாது என்று தாராளமாக ஒப்பிட்டுப் பாருங்கள். நானும் பார்த்தவள்தான். ஆனால் நோயாளி திரும்ப வரவில்லை என்ற கட்டத்தில் கைவைக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அதை ஒரு கோயில் கூட்டத்தில், அவர் மனைவி உட்கார்ந்து கேட்க, இரண்டு தடவை உரக்கப் படிப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது உண்மையாக இருந்தால் தட்டுங்கள்.